சிறுதேர் உருட்டிய செல்வர்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் மூன்று கால் கொண்ட சிறிய தேரை உருட்டி விளையாடிய காட்சியைப் பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் நமக்குக் காட்டுகிறார். உலர்த்திய உணவைக் கொத்த வந்த கோழியை நோக்கி மகளிர் எறிந்த பொற்குழை, அத்தேரின் முன்னே விழுந்து அதன் வழியை மறித்ததாம். பொன்னைக் கல்லாகக் கருதி எறிந்த நகரத்தின் செல்வத்தை வியந்து, ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் அப்பகுதியை மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். ஆயினும், சில்லின் முன்னே சிறு பொருள் ஒன்று கிடந்தால் தேர் நின்றுவிடும் என்னும் செய்தியும் அக்காட்சியில் அடங்கியிருப்பதை அந்நாளில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. முதுமையிலே அதை எனக்கு உணர்த்தியவர் தமிழ் அறியாத ஓர் ஆங்கிலச் செல்வர். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் பெயர் சேர் ஆர்தர் ஹேவூட். சிறு பாதைப் புகையிரதங்களை விரும்புவோரிடையே அவர் முன்னோர் போல மதிக்கப்படுபவர்.

அவரைத் தேடிச் செல்ல எனக்கு நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. நான் வாழும் ஓமந்தை, வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியும் வடபகுதிப் புகையிரதப் பாதையும் கடந்துசெல்லும் ஊர். சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை விடுமுறையின்போது என் பேத்தியை அயலூர் ஒன்றின் களியாட்ட விழாவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே குழந்தைகள் ஏறிச் சுற்றிவரும் ஒரு சிறு புகையிரதம் ஓடிற்று. மூன்றாம் சுற்றில் அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டு சாய்ந்தது. தெய்வாதீனமாக எவருக்கும் பெருங்காயம் இல்லை. பேத்தியின் முழங்கை மட்டும் உரசிப் புண்ணாயிற்று. நால்வர் சேர்ந்து பெட்டியைத் தூக்கிப் பாதையில் வைத்தனர். பத்து நிமிடத்தில் வண்டி மீண்டும் புறப்பட்டது. வேறு குழந்தைகள் ஏறிக்கொண்டனர்.

அது புறப்படுமுன் நான் குனிந்து பார்த்தேன். சில்லின் உள்விளிம்பு தேய்ந்து கத்தியின் அலகு போல் கூர்மையாகியிருந்தது. பெட்டிகளை இணைக்கும் ஆணி இருக்கவேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. அச்சு சுழலும் இடத்தில் எண்ணெய்ப் பசையே இல்லை. அதை நடத்தியவரும் வயிற்றுப்பாட்டுக்காக ஊர் ஊராகச் செல்பவரே. அவரைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. வண்டியின் மேற்பகுதிக்குப் புதிதாகச் சிவப்பும் மஞ்சளும் பூசியிருந்தார்கள் என்பதுதான் என் மனத்தை உறுத்தியது. காண்போர் கண் செல்லும் இடம் பேணப்பட்டது; உயிர் தங்கியிருக்கும் இடம் பேணப்படவில்லை. மனிதரை ஏற்றிச் செல்லும் இத்தகைய சிறு வண்டிகளை முதன்முதலில் கருத்தூன்றி ஆராய்ந்தவர் யார் என்று அன்றிரவு நான் தேடத் தொடங்கினேன்.

ஆர்தர் பேர்சிவல் ஹேவூட் 1849ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25ஆம் நாள் பிறந்தார். மான்செஸ்டர் நகரில் வங்கித் தொழிலால் உயர்ந்த குடும்பம் அது. பரோனெட் என்னும் பரம்பரைப் பட்டமும் அக்குடும்பத்துக்கு உண்டு. தந்தையார் தோமஸ் பேர்சிவல் ஹேவூட் ஸ்டபோர்ட்ஷயரிலே டென்ஸ்டன் என்னும் சிற்றூரை அடுத்த மாளிகையில் வாழ்ந்தவர். உலோகத்தைக் கடைந்து அழகிய பொருள்கள் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. மகன் அக்கடைசல் இயந்திரத்தின் அருகிலேயே வளர்ந்தான். தந்தையும் மகனுமாக நாலரை அங்குல அகலப் பாதையில் ஓடும் மாதிரிப் புகையிரதம் ஒன்றைச் செய்தனர்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர் என்பதை நாம் அறிவோம். நம் குழந்தைத் தலைவர்கள் தேர் உருட்டுவதோடு அப்பருவம் முடிந்துவிடும். ஹேவூட்டின் வாழ்க்கையோ அப்பருவத்திலே தொடங்கி அங்கேயே நிலைத்துவிட்டது. தன் தம்பி தங்கையர் ஏறிச் செல்லத்தக்க வண்டி வேண்டுமென்று எண்ணி, 9 அங்குல அகலத்தில் வேறொரு பாதை அமைத்து, நீராவி இயந்திரமும் பெட்டிகளும் செய்தான். பொம்மை வாகனமாக மாறிய கணம் அதுவே. பொம்மை கவிழ்ந்தால் நிமிர்த்தி வைக்கலாம். தங்கை ஏறியிருக்கும் வண்டி கவிழலாகாது. விளையாட்டினூடே அந்தச் சிறுவன் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டான்.

அந்த 9 அங்குலப் பாதை அவருக்கு ஒரு பேருண்மையைக் கற்பித்தது. பாதையைச் சுருக்கலாம், இயந்திரத்தைச் சுருக்கலாம், பெட்டியையும் சுருக்கலாம். ஏறி அமரும் மனிதரைச் சுருக்க இயலாது. பெரிய புகையிரதத்தில் பயணியின் எடை வண்டியின் எடையோடு ஒப்பிடுகையில் அற்பமானது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் வண்டி அதை உணராது. சிறு வண்டியிலோ பயணியே பெருஞ்சுமை. அவருடைய எடை பாதையின் அகலத்துக்கு மேலே உயரத்தில் நிற்கிறது. அவர் திரும்பினால் வண்டி திரும்பும். எட்டிப் பார்த்தால் வண்டி சாயும். நொய்ய மயிற்பீலியும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சை முறிக்கும் என்பதை வேந்தர்க்கு அறிவுரையாக வைத்தார் வள்ளுவர். அதையே ஓர் ஆங்கில இளைஞர் தம் வீட்டுத் தோட்டத்தில் கண்கூடாகக் கண்டார்.

ஈட்டன் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரியிலும் கற்று, 1872இல் பயன்முறை விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே புகையிரதத் தொழிலாளரோடு நட்புக்கொண்டு, இயந்திரத் தட்டில் ஏறி அவர்களோடு பயணம் செய்வாராம். எனினும் அக்காலத்து ஆங்கிலச் சமுதாயத்தில் உயர்குடியில் பிறந்த ஒருவர் பொறியியலைப் பிழைப்பாகக் கொள்ளுதல் தகாது என்ற எண்ணம் நிலவியது. கையில் எண்ணெய் படிவது இழுக்கு என்று கருதும் மனநிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும். ஹேவூட் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் பேசவில்லை. தொழிலாகக் கொள்ள முடியாததை வாழ்நாள் தவமாகக் கொண்டார்.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் உறவுமுறையான மார்கரெட் எபி சம்னர் என்னும் நங்கையை மணந்தார். இருவரும் டார்பி நகருக்கு அருகே டஃபீல்ட் என்னும் ஊரில், மலைச்சரிவில் அமைந்த டஃபீல்ட் பாங்க் என்ற இல்லத்தில் குடியேறினர். டார்பி, மிட்லன்ட் புகையிரதக் கம்பனியின் தலைமையிடமாக இருந்தது. அவ்வீட்டுத் தோட்டத்தில், 1874இல், ஹேவூட் தம் பரிசோதனைப் பாதையை இடத் தொடங்கினார். நீண்ட ஆராய்ச்சியின்பின் அவர் தேர்ந்துகொண்ட அகலம் 15 அங்குலம், அஃதாவது 381 மில்லிமீற்றர். மனிதரையும் பொருளையும் அச்சமின்றி ஏற்றத்தக்க மிகக் குறைந்த அகலம் அதுவே என்பது அவர் துணிபு. ஓமந்தை வழியே செல்லும் நம் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். அதிற் கால் பங்குகூட இல்லாத ஒரு பாதை அது.

சமதரையில் அழகாகச் சுற்றிவரும் பாதை அவருக்குத் தேவைப்படவில்லை. கடினமான இடத்தில் வெற்றி பெற்றால்தான் எளிய இடத்தில் நம்பலாம் என்று எண்ணினார். ஆகவே பத்தடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான ஏற்றங்களையும், சுரங்க வழிகளையும், மரத்தாலான உயர்ந்த பாலத்தையும், 25 அடி ஆரமே கொண்ட வளைவுகளையும் வேண்டுமென்றே அமைத்தார். வீட்டோடு சேர்ந்த பட்டறையிலே வார்ப்படமும் கடைசலும் கொல்லுவேலையும் நடந்தன. ஒரு சில்லு உடைந்தால் அதை வார்த்துக் கடைந்து பூட்டும் வரை எல்லாம் அவர் கண்முன்னே நிகழ்ந்தன. செய்தவரும் ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் ஒருவரே என்பதனால், ஒவ்வொரு பழுதும் அவருக்குப் பாடமாயிற்று. பிறர் ஓட்டும் வண்டியை வரைபடத்தில் மட்டும் கண்ட பொறியியலாளருக்கு அந்தப் பாடம் எளிதிற் கிட்டாது.

1875இல் முதல் இயந்திரம் ஓடியது. அதற்கு மனைவியின் பெயராகிய எபி என்பதையே இட்டார். 1881இல் ஆறு சில்லுகளோடு எல்லாவும், 1894இல் எட்டுச் சில்லுகளோடு மியூரியலும் வந்தன. இவ்விரண்டும் அவர் புதல்வியரின் பெயர்கள். இதைச் செல்வரின் செல்லம் என்று மட்டும் கொள்ளலாகாது. பெற்ற மகளின் பெயரை ஓர் இயந்திரத்துக்குச் சூட்டியவர், அதன் அச்சை எண்ணெயின்றி விடுவாரா?

இனி, அச்சிறு வண்டிகளைப் பேணுதல் ஏன் அரிது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். புகையிரதச் சில்லு வெறும் வட்டமன்று. அதன் ஓரத்திலே உள்விளிம்பு ஒன்று உண்டு. தண்டவாளத்தை விட்டு விலகாமல் காப்பது அதுவே. தண்டவாளத்தின்மேல் உருளும் பகுதியும் சற்றுச் சரிவாகக் கடையப்பட்டிருக்கும். அச்சரிவினால் நேர்வழியில் சில்லுச்சோடி தானாகவே நடுவில் நிற்கும். வளைவிலோ வெளிப்பக்கத் தண்டவாளம் நீளம், உட்பக்கத் தண்டவாளம் குறுக்கம். இரு சில்லும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியிருப்பதால், கூரிய வளைவில் ஒன்று வழுக்கியே ஆகவேண்டும். உள்விளிம்பு தண்டவாளத்தோடு உரசும். உரசும் இடம் தேயும். தேய்ந்து கூரான விளிம்பு, பாதையின் மூட்டிலே சிறு இடைவெளி கண்டாலும் அதன்மேல் ஏறிவிடும். ஏறினால் வண்டி புரளும். களியாட்ட விழாவிலே நான் கண்டது இதுவே.

சிறு சில்லுக்கு வேறொரு துன்பமும் உண்டு. 90 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 354 முறை சுழன்றாற் போதும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லோ அதே தொலைவுக்கு 1,060 முறை சுழலவேண்டும். மும்மடங்கு சுழற்சி என்றால் அச்சுத் தாங்கியிலே மும்மடங்கு உரசல். பெரிய சில்லு நசுக்கிக்கொண்டு போகும் கூழாங்கல், சிறு சில்லுக்கு மலை. மழையில் ஊறிய கட்டை ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் பெரிய வண்டி குலுங்கிச் செல்லும்; சிறு வண்டி கவிழும். ஆகவே சிறியது என்பதனால் மேற்பார்வை குறைவாக இருக்கலாம் என்று எண்ணுவது தலைகீழான எண்ணம். சிறியதற்கே கூடுதலான கண் வேண்டும். பொற்குழையால் தடைப்பட்ட சிறுதேர் இதைத்தான் எனக்குச் சொல்லாமற் சொல்லிற்று.

ஹேவூட் இத்துன்பங்களை ஒவ்வொன்றாக எதிர்கொண்டார். வளைவில் தேய்வு மிகுவதைக் கண்டு, இயந்திரத்தின் அச்சுகளைச் சூழக் குழல்கள் அமைத்து, சில்லுகளை அக்குழல்களிற் பொருத்தினார். வளைவு வந்தால் நடு அச்சுக்குரிய சில்லுகள் பக்கவாட்டில் நகரும். அந்நகர்வே முன்னும் பின்னும் உள்ள சில்லுகளை வளைவுக்கு இசையத் திருப்பும். இதனால் ஆறும் எட்டுமாகச் சில்லுகள் கொண்ட நீண்ட இயந்திரமும் கூரிய வளைவிலே விளிம்பு தேயாமற் செல்ல முடிந்தது. சுமை வண்டிகளின் பக்கப் பலகைகளைக் கழற்றி மாட்டத்தக்கவையாகச் செய்தார். காலையில் கரி ஏற்றிய வண்டி மாலையில் மரம் ஏற்றும். ஒரு வண்டியின் உறுப்பு மற்றதற்கும் பொருந்துமானால், பழுது நேரும்போது வேலை நின்றுபோவதில்லை.

பயணிகளுக்கான பெட்டிகளில் அவர் காட்டிய துணிவு வியப்புக்குரியது. திறந்த பெட்டியும் மூடிய பெட்டியும் மட்டுமன்றி, சமைத்து உண்ணும் வசதியோடு ஓர் உணவுப் பெட்டியும், நால்வர் படுக்கத்தக்க ஓர் உறக்கப் பெட்டியும் செய்தார். தோட்டத்தைச் சுற்றும் பாதைக்கு உறக்கப் பெட்டி எதற்கு என்று நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். தோட்டத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை. பெருநிலப் பண்ணைகளிலும், சுரங்கங்களிலும், போர்க்களத்தின் பின்புறத்திலும், பெரிய பாதை போடப் பொருள் வசதியில்லாத இடங்களிலெல்லாம் இச்சிறு பாதை பயன்படும் என்று அவர் மனமார நம்பினார். அதை நிறுவவே ஒரு நூல் எழுதினார். மிகக்குறைந்த அகலப் பாதைகளைப் பற்றிய அந்நூல் 1881இல் வெளிவந்து, 1898இல் மூன்றாம் பதிப்புக் கண்டது.

நம்பிக்கைக்கு ஏற்ற வரவேற்புக் கிட்டவில்லை. போர் அமைச்சு அவர் பாதையைக் கைக்கொள்ளவில்லை. 1894இல் பலரையும் அழைத்துத் தம் வண்டிகளை ஓட்டிக் காட்டினார். வந்தவர்கள் வியந்தனர், ஏறி மகிழ்ந்தனர், வீடு திரும்பினர். உண்மையான வேலைக்கு அவரை நாடியவர் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் ஒருவரே. செஷயரிலுள்ள அவருடைய ஈட்டன் மாளிகைக்கும் பெரும்பாதையின் பால்டேட்டன் நிலையத்துக்கும் இடையே, 1895இலும் 1896இலுமாக ஹேவூட் 15 அங்குலப் பாதை அமைத்துக் கொடுத்தார். அவர் படித்த ஈட்டன் கல்லூரி வேறு, இம்மாளிகை வேறு. தமிழிலே ஒலி ஒன்றாயிற்று. கேட்டி என்னும் இயந்திரம் 1896இலும், ஷீலா 1904இலும், ஏர்சுலா 1916இலும் அப்பாதைக்காகச் செய்யப்பட்டன. கரியும் செங்கல்லும் வீதிக்கு இடும் கல்லும் அதன் வழியே சென்றன. அரை நூற்றாண்டு உழைத்து, 1946இல் அப்பாதை ஓய்ந்தது. விளையாட்டென்று கருதப்பட்ட அகலத்தில் ஐம்பது ஆண்டுகள் பாரம் சுமந்து காட்டியது சிறு செயலன்று.

ஹேவூட்டின் வாழ்வில் மற்றொரு காதலும் உண்டு. அது மணியோசை. ஆங்கிலத் தேவாலயங்களிலே எட்டோ பத்தோ மணிகளைக் கோபுரத்தில் தொங்கவிட்டு, ஒருவருக்கு ஒரு கயிறாக நின்று, முறைமாற்றி முறைமாற்றி அடிக்கும் கலை ஒன்று உண்டு. எட்டு மணிகளை 40,320 வகையாக வரிசைப்படுத்தலாம் என்று கணக்கு ஆசிரியர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஹேவூட் தம் ஊரின் பெயராலேயே ஒரு முறையை வகுத்தார். 1891இல் தேவாலய மணியடிப்போரின் மத்திய மன்றத்தை நிறுவி, இறக்கும் வரை அதன் தலைவராக இருந்தார். மணிக்கலை அறிந்தோர் அவரை இன்றும் நினைவுகூர்வது அதனாலேயே.

மணிக்கும் சில்லுக்கும் என்ன உறவு? என் இளமையில் வவுனியா நிலையத்தில் வண்டி நிற்கும்போது, நீண்ட பிடியுள்ள சுத்தியலோடு ஒருவர் வந்து சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். நல்ல சில்லு கணீரென்று ஒலிக்கும். வெடிப்புள்ள சில்லின் ஒலி மங்கி அடங்கும். வெடித்த கோயில் மணியைக் கேட்டவர்க்கு அவ்வேறுபாடு நன்கு தெரியும். ஹேவூட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுத்தியற்காரரின் நினைவு வருகிறது. இருவரும் இரும்பிலே செவியைச் செலுத்தியவர்கள். கயிற்றைப் பிடித்தவர் கவனம் தவறினால் எட்டு மணிகளின் ஒழுங்கும் குலையும். சுத்தியற்காரர் கவனம் தவறினால் குலைவது ஓசை மட்டுமன்று.

1897இல் தந்தையார் மறைய, ஹேவூட் மூன்றாம் பரோனெட் ஆனார். பட்டம் வந்தபின்னும் பட்டறையை அவர் விடவில்லை. 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் காலமானார். அப்பொழுது முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டிலேதான் பிரித்தானியப் படைகள் பிரான்சின் போர்முனைகளில் இலகு பாதைகளைப் பெருமளவில் அமைக்கத் தலைப்பட்டன. அவை அவருடைய 15 அங்குலத்திலும் அகன்றவை. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் கொண்டவை. ஆயினும் சிறு பாதை போருக்கு உதவும் என்று அவர் நாற்பதாண்டு முன்னரே கண்டது பொய்க்கவில்லை. அதன் முழு விளைவையும் காணும் வரை அவர் உயிரோடிருக்கவில்லை.

அவர் மறைந்தபின் டஃபீல்ட் தோட்டம் அமைதியாயிற்று. ஆனால் அவர் வண்டிகள் ஓயவில்லை. இங்கிலாந்தின் வடமேற்கே ரேவன்கிளாஸ் என்னும் கடற்கரை ஊரிலிருந்து மலைக்குள் செல்லும் 7 மைல் பாதை ஒன்று உண்டு. இரும்புக் கனியத்துக்காக 1875இல் திறந்து, 1913இல் மூடப்பட்ட அதனை, பாசட் லோக் என்னும் மாதிரிப் புகையிரத வல்லுநரும் அவர் கூட்டாளிகளும் 1915 முதல் 15 அங்குலப் பாதையாக மாற்றி அமைத்தனர். ஹேவூட்டின் எல்லாவும் மியூரியலும் அங்கே சென்றன. அவருடைய கொதிகலன்கள் குறுகிய தொலைவுக்கென ஆக்கப்பட்டவை. 7 மைல் ஓட அவற்றின் நீராவி போதவில்லை. இக்குறையை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 1927இல் மியூரியலுக்குப் புதிய, பெரிய கொதிகலன் பொருத்தப்பட்டது. அதன் பெயரும் ரிவர் ஏர்ட் என்று மாறியது. ஆனால் அடியிலே இருந்த சட்டகம் 1894இல் ஹேவூட் பட்டறையில் உருவானதே. இன்றும் அவ்வியந்திரம் அப்பாதைக்கு உரியதாக இருக்கிறது.

இதை எண்ணும்தோறும் என் மனம் நெகிழ்கிறது. ஒருவர் செய்தார், மற்றொருவர் குறை கண்டு திருத்தினார், மூன்றாமவர் தேய்ந்த சில்லை மாற்றினார், பெயர் தெரியாத எத்தனையோ பேர் காலை தோறும் சாம்பலை அகற்றி, கொதிகலனைக் கழுவி, மூட்டு மூட்டாக எண்ணெய் இட்டனர். அவ்வளவு கைகளும் சேர்ந்தே நூற்றாண்டைக் கடந்து அந்தச் சட்டகத்தைக் காத்தன. ஆக்குதல் ஒரு நாளில் முடியும் செயல். பேணுதலோ நாள்தோறும் தொடங்கும் செயல். ஆக்கியவர் பெயரை வரலாறு எழுதிவைக்கிறது. பேணியவர் பெயரை எவரும் எழுதுவதில்லை. ஹேவூட் இரண்டையும் ஒருங்கே செய்தவர் என்பதே அவர்பால் எனக்குள்ள மதிப்பின் காரணம்.

ஓமந்தையில் வாழும் ஒருவன் இதை வெறுங்கதையாகப் படிக்க முடியாது. வடபகுதிப் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அவ்வண்டியின் ஓசையைக் கொண்டு வேளையறிந்து வயலில் வேலை செய்த தலைமுறை எங்களுடையது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றது. தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களாயின. பாதை கிடந்த மேட்டிலே பற்றையும் பனையும் வளர்ந்தன. போர் முடிந்தபின், 2011 மே மாதத்தில் வண்டி ஓமந்தை வரை வந்தது. 2013இல் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. ஓமந்தை வரை அது மீண்டும் வந்த காலத்தில், நிலையத்தில் நின்றிருந்த முதியவர் ஒருவர் பெட்டியின் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். நானும் அவ்வாறே செய்தேன். பேணப்படாத பாதை இருபது ஆண்டுகளில் காடாகும் என்பதை நாங்கள் ஏட்டிலிருந்து கற்கவில்லை.

அதனால்தான் களியாட்ட விழாவின் அந்தச் சிறு வண்டியை என்னால் மறக்க முடியவில்லை. உருவத்திற் சிறியவரை இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரின் அச்சாணியை எடுத்துக்காட்டினார் வள்ளுவர். சிறுதேருக்கும் அச்சாணி உண்டு. அது அதனினும் சிறியது. அதைக் காண்பதற்கு இன்னும் சற்றுக் குனியவேண்டும். ஹேவூட் செல்வர்தாம், பட்டம் தாங்கியவர்தாம். அவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் குனிந்தே கழித்தார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர் விழாவுக்கும் இத்தகைய சிறு வண்டி வரலாம். மாணவரை அழைத்துச் செல்லுங்கள், மகிழட்டும். ஏற்றுமுன் நீங்கள் ஒரு முறை குனிந்து, சில்லின் விளிம்பு கூராகியிருக்கிறதா, இணைப்பாணி இருக்கிறதா, அச்சில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். மூத்த மாணவரையும் பார்க்கச் செய்யுங்கள். நடத்துபவரிடம் கடிந்து பேச வேண்டியதில்லை. குறை கண்டால் அன்பாகச் சொன்னாற் போதும். அண்மையில் வேறொரு விழாவுக்கு என் பேத்தி என்னோடு வந்தாள். சீட்டு வாங்கிய பின் அவள் வண்டியில் ஏறவில்லை. மண்ணிலே முழந்தாளிட்டு அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, சில்லுகள் நன்றாக இருக்கின்றன என்று எனக்குத் தலையசைத்தாள். அதன் பின்னரே ஏறி அமர்ந்தாள்.